அயல்நாட்டில் ஒரு செமஸ்டர்: பாடத்தேர்வும் பயிற்சிப் பணியும்

(ஜமாஅத் கல்விக் குழு நடத்திய மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில், குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஜமாஅத்தாருக்குக் கடல் கடந்து செல்வது புதிதன்று. இலங்கைக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் சென்று பொருளீட்டிய முன்னோர்களின் பெயர்கள் இப்பள்ளிவாசலின் பழைய சந்தாக் கணக்கேடுகளில் இன்றும் உள்ளன. பின்னர் வளைகுடா நாடுகள் வந்தன. அவர்கள் பிழைப்புக்காகச் சென்றார்கள். இன்று நம் பிள்ளைகள் படிப்புக்காகவும் செல்கிறார்கள். முழுப் பட்டப்படிப்புக்காக அயல்நாடு செல்வதைப் பற்றி முந்தைய ஆண்டுகளில் பேசியிருக்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. உள்ளூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவர், இடையில் ஒரே ஒரு செமஸ்டரை அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்குப் பெற்ற கிரெடிட்டுகளை இங்கே வரவு வைத்துக்கொண்டு, இங்கேயே பட்டம் பெறுவது பற்றியே இன்று பேசுகிறோம். கல்லூரிகள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்வது பெருகியபின், இந்த வாய்ப்பு நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது.

இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்கள் குழுவின் தவறு என்பதால், மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இயந்திரவியல் மாணவர் ஒருவர் மூன்றாம் ஆண்டில் ஜெர்மனி செல்ல வட்டியில்லாக் கடனுதவி கேட்டு விண்ணப்பித்தார். நாங்கள் கடவுச்சீட்டைப் பார்த்தோம். அனுமதிக் கடிதத்தைப் பார்த்தோம். தந்தையாரின் வருமானச் சான்றைப் பார்த்தோம். இரண்டு பேரிடம் ஜாமீன் கையெழுத்தும் வாங்கினோம். “அங்கே என்னென்ன பாடங்கள் படிக்கப் போகிறாய், தம்பி?” என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஐந்து பாடங்களைத் தேர்ந்திருந்தார். போய்ச் சேர்ந்தபின்தான் அவற்றுள் ஒன்று கோடைப் பருவத்தில் மட்டுமே நடத்தப்படுவது என்று தெரிந்தது. அதற்கு மாற்றாகக் கையில் கிடைத்த ஒன்றை எடுத்தார். மற்றொன்றின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. வகுப்போ ஜெர்மன் மொழியில் நடந்தது. இரண்டாம் வாரமே விட்டுவிட்டார். மூன்றாவதாக அவர் எடுத்தது ‘பிராக்டிகும்’ என்ற பெயருடையது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். மாற்றாக எடுத்த பாடத்திற்கு வகுப்பில் முறையாக அமர்ந்தார். ஆயினும் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டும் என்பதை அறியாமல் கெடு தேதியைத் தவறவிட்டார். முடிவில் ஐந்தில் இரண்டே இரண்டு பாடங்களை மட்டும் இங்குள்ள கல்லூரி ஏற்றது. அந்தச் செமஸ்டருக்குரிய எஞ்சிய நான்கு தாள்களையும் அவர் தம் இளையவர்களோடு அமர்ந்து எழுத நேர்ந்தது. அதற்குள் ஏழாம் செமஸ்டரின் வளாக நேர்காணல்கள் தொடங்கிவிட்டன. அரியர் நிலுவையில் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று பல நிறுவனங்கள் அறிவித்திருந்தன. அந்த வரியைப் படித்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்த நாளை அவருடைய தாயார் எங்களிடம் சொன்னபோது, எங்களால் தலை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

அவர் சோம்பேறியல்லர். படித்த இரண்டு பாடங்களிலும் மிக நல்ல தரம் பெற்றவர். வழி சொல்வாரின்றிப் போய்விட்டார், அவ்வளவுதான். அவருடைய அனுமதியைப் பெற்றே இதைச் சொல்கிறோம்.

ஆகவே முதலில் நாட்காட்டியிலிருந்து தொடங்குவோம். நம் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் நாட்டைத் தேர்கிறார்கள், பிறகு பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள், கடைசியில்தான் பருவம் எப்போது தொடங்குகிறது என்று கேட்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் ஒற்றைப்படைச் செமஸ்டரின் வகுப்புகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் தேர்வோடு முடிகின்றன. இரட்டைப்படைச் செமஸ்டர் ஜனவரியை ஒட்டித் தொடங்கி மே மாதத்தை ஒட்டி முடிகிறது. ஜெர்மனியிலோ குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுப்பகுதிவரை நடைபெறும். அதன் பின்னரே பல தேர்வுகள். அந்த மாணவர் செப்டம்பர் இறுதியில் விமானம் ஏறியபோது இங்கே ஐந்தாம் செமஸ்டர் பாதி கடந்திருந்தது. திரும்பி வந்தபோது ஆறாம் செமஸ்டரும் கணிசமாகக் கடந்திருந்தது. ஒரு பருவம் படிக்கச் சென்றவருக்கு இரண்டு பருவங்கள் சிதைந்தன. ஆறாம் செமஸ்டரில் 75 விழுக்காடு வருகைப் பதிவுக்காக அவர் அலைந்த கதை தனி.

சிங்கப்பூரில் முதற்பருவம் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பருவம் ஜனவரி முதல் மே வரை. நம் நாட்காட்டியோடு ஏறத்தாழ ஒட்டிப்போகிறது. பிரான்சிலும் நெதர்லாந்திலும் செப்டம்பரில் தொடங்குகிறார்கள். ஸ்வீடனில் ஆகஸ்ட் இறுதியிலேயே தொடங்கினாலும் ஜனவரி நடுப்பகுதிவரை நீள்கிறது. தென்கொரியாவில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் பருவங்கள் தொடங்குகின்றன. ஜெர்மனி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெர்மனிக்குத்தான் செல்ல வேண்டுமென்றால், இரு பருவங்களையும் எவ்வாறு ஈடுகட்டுவது என்பதைக் கல்லூரியிடம் முன்னரே எழுத்தில் முடிவு செய்துகொண்டு செல்ல வேண்டும் என்கிறோம்.

இனிப் பாடத்தேர்வு. இதுவே இன்றைய பேச்சின் நடுநாயகம்.

மாணவர்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலைத் திறந்து, கவர்ச்சியான தலைப்புகளைத் தேடுகிறார்கள். அவ்வாறு தொடங்கக்கூடாது. முதலில் மேசைமேல் வைக்க வேண்டியது தம் சொந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை. அந்தச் செமஸ்டரில் இங்கே எந்தெந்தத் தாள்கள் உள்ளன? அவற்றுள் எவை கட்டாயம், எவை விருப்பப்பாடம்? விருப்பப்பாடங்கள் மிகுதியாக உள்ள செமஸ்டரே அயல்நாடு செல்ல ஏற்றது; ஏனெனில் விருப்பப்பாடத்துக்கு ஈடாக வேறொரு பாடத்தை ஏற்பதில் துறைத்தலைவருக்குத் தயக்கம் குறைவு. கட்டாயத்தாள்கள் நிறைந்த செமஸ்டரில் சென்றால், ஒவ்வொரு தாளுக்கும் அலகு அலகாக ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.

அதன்பின் அங்குள்ள பாடத்தின் தலைப்பைப் படித்தால் போதாது. பாடக் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு துறைக்கும் அத்தகைய கையேடு ஒன்றை வெளியிடுகின்றன. பாடத்தின் உள்ளடக்கம், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை, கற்பிக்கும் மொழி, எந்தப் பருவத்தில் நடக்கும், தேர்வு எழுத்தா வாய்மொழியா என்பனவெல்லாம் அதில் இருக்கும். நம் மாணவர் அந்தக் கையேட்டின் இரண்டு வரிகளைப் படித்திருந்தாலே இரண்டு பாடங்கள் தப்பியிருக்கும். அங்கே ஆங்கிலவழிப் பாடங்கள் முதுகலையில் மிகுதி, இளங்கலையில் குறைவு. சில பல்கலைக்கழகங்கள் இளங்கலை மாணவரை முதுகலைப் பாடத்தில் அமர அனுமதிக்கின்றன. அனுமதி கிடைக்கிறது என்பதாலேயே எடுத்துவிடக்கூடாது. அடிப்படை போதுமா என்று தம் ஆசிரியரிடம் கேட்டறிய வேண்டும்.

எத்தனை பாடங்கள் எடுப்பது என்ற கேள்வி அடுத்து வருகிறது. ஐரோப்பாவில் 1989-இல் அறிமுகமான ஈ.சி.டி.எஸ். என்னும் கிரெடிட் முறைப்படி ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு நேரம் மட்டுமன்று, வீட்டில் படிப்பதும், கணக்குகளைப் போடுவதும், தேர்வுக்கு ஆயத்தமாவதும் அதனுள் அடங்கும். ஆறு கிரெடிட் பாடம் என்றால் 150 முதல் 180 மணி நேரம். வாரத்துக்கு மூன்று, நான்கு மணி நேர வகுப்புத்தான் கால அட்டவணையில் தெரியும். அதைப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று ஏழு பாடங்கள் எடுத்துத் திண்டாடியவர்கள் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. நான்கு யூனிட் பாடம் ஒன்றுக்கு வாரம் பத்து மணி நேரம். இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். புதிய ஊர், புதிய உணவு, தாமே சமைத்துத் தாமே துவைக்கும் வாழ்க்கை. எங்கள் கருத்து இது: தாய்க்கல்லூரி கேட்கும் அளவுக்கு மேல் ஒரு பாடமும் எடுக்க வேண்டாம். அவற்றுள் ஒன்றாவது இங்கே கிடைக்காததாக இருக்கட்டும். நம் கல்லூரியில் இருக்கும் பாடத்தையே, நம் கல்லூரியில் இருக்கும் நூலைக் கொண்டே படிப்பதற்கு ஏன் இத்தனை செலவு? அந்நாட்டு மொழியின் தொடக்கநிலை வகுப்பையும் எடுக்கலாம். கிரெடிட் கிடைக்காவிட்டாலும் அது வீண் போகாது.

தேர்ந்த ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, அது நம் கல்லூரியின் எந்தத் தாளுக்கு ஈடு, எத்தனை கிரெடிட் வரவாகும் என்று எழுதி, துறைத்தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் கையொப்பமிட்ட தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதைக் கற்றல் ஒப்பந்தம் என்கிறார்கள். “பார்த்துக்கொள்ளலாம், போய் வா” என்று ஆசிரியர் அன்போடு சொல்வார். அந்த அன்பு உண்மையானதே. ஆயினும் மாணவர் திரும்பி வரும்போது அந்த ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார், கையொப்பம் போகாது. அங்கே போனபின் பாடத்தை மாற்ற நேர்ந்தால், மாற்றிய பாடத்துக்கும் மின்னஞ்சலில் உடனே ஒப்புதல் பெற வேண்டும். பாடத்துக்குப் பதிவு வேறு, தேர்வுக்குப் பதிவு வேறு என்பதையும் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கேட்டறிய வேண்டும்.

இன்னொரு செய்தி. ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்த தரம், 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. நம் மாணவர் 1.7 பெற்று வந்து சான்றை நீட்டியபோது, இங்குள்ள அலுவலர் ஒருவர், “பத்துக்கு 1.7 தானா?” என்று இரக்கத்தோடு பார்த்தாராம். தரத்தை எவ்வாறு மாற்றிப் பதிவார்கள் என்பதும் அதே ஒப்புதல் தாளில் இடம்பெற வேண்டும்.

கால அட்டவணை அமைக்கும்போது வெள்ளிக்கிழமை நண்பகலைக் கவனிக்க வேண்டும். விரிவுரையின் நேரத்தை மாற்ற இயலாது. ஆனால் பயிற்சி வகுப்புகள் பல பிரிவுகளாக வெவ்வேறு நேரங்களில் நடப்பதுண்டு. முன்கூட்டியே பதிவு செய்பவருக்கு விரும்பிய நேரம் கிடைக்கும். ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னகர்வதால், தேர்வு நாட்களோடு அது சேர்ந்து வருமா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, இன்டர்ன்ஷிப் என்று மாணவர்கள் சொல்லும் பயிற்சிப் பணி. ‘பிராக்டிகும்’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். ஜெர்மன் மொழியில் அச்சொல் நிறுவனத்தில் செய்யும் பயிற்சிப் பணியையும் குறிக்கும். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடக்கும் ஆய்வகச் செய்முறை வகுப்பையும் குறிக்கும். நம் மாணவர் முதலாவது என்று எண்ணி இரண்டாவதைத் தேர்ந்தார். தொழிற்சாலையைக் காணப் போகிறோம் என்று நம்பிச் சென்றவர், பருவம் முழுதும் அளவைக் கருவிகளோடு ஆய்வகத்தில் நின்றார். கற்றது நல்ல கல்விதான். ஆனால் நம் கல்லூரி கேட்ட தொழிற்பயிற்சிக்கு அது ஈடாகவில்லை; நம் செய்முறைத் தாள் எதனோடும் பொருந்தவுமில்லை.

ஒரு செமஸ்டருக்குள் படிப்பையும் பயிற்சிப் பணியையும் ஒருங்கே முடித்துவிடலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. ஜெர்மானிய நிறுவனங்கள் பல மூன்று மாதம், ஆறு மாதம் என்று முழுநேரப் பயிற்சியாளரையே கேட்கின்றன. வகுப்பு நடக்கும் பருவத்துக்குள் அது அடங்காது. அங்குள்ள குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. மாணவர் தாமாக விரும்பிச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் அச்சட்டப்படி ஊதியம் தர வேண்டும். படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்கு அந்த விதி இல்லை. ஆகையால், “இது கட்டாயப் பயிற்சிதான் என்று கல்லூரியிடமிருந்து கடிதம் உண்டா?” என்று நிறுவனங்கள் கேட்பதுண்டு. அந்தக் கடிதத்தை இங்கிருந்தே வாங்கிச் செல்ல வேண்டும். உண்மையில் கட்டாயமாக இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

அதைவிட முதன்மையானது விசா. எந்த வகை விசாவோ, அதுவே பயிற்சிப் பணி செய்யலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் படிக்கும் நம் நாட்டு மாணவர், 2024 மார்ச் முதல், ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். முன்னர் அது 120, 240 ஆக இருந்தது. அங்குள்ள படிப்பின் கட்டாயப் பயிற்சி இந்தக் கணக்கில் சேராது. நம் கல்லூரி விதித்த பயிற்சியையும் அவ்வாறே கருதுவார்களா என்பதை, அவ்வூர் அயல்நாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். பிரிட்டனுக்குப் பார்வையாளர் விசாவில் சென்று ஆறு மாதம்வரை படிக்கலாம். ஆனால் மருத்துவ மாணவர்களின் ஊதியமற்ற எலக்டிவ் போன்ற சில விலக்குகள் தவிர, பயிற்சிப் பணிக்கு அதில் இடமில்லை. ஊதியம் வாங்கவில்லை என்று சொல்வதும் உதவாது. அமெரிக்காவில் ஜே-1 விசாவில் செல்வோர், பயிற்சிப் பணி தொடங்குமுன்பே பரிமாற்றத் திட்டப் பொறுப்பாளரிடம் எழுத்து மூல அனுமதி பெற வேண்டும். எஃப்-1 விசாவில், படிப்போடு இணைந்த பயிற்சிக்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்குச் செல்வோருக்கு அந்த வாயில் அடைபட்டதே. விதியை மீறிப் பணி செய்தவர் பின்னாளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். “யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று சொல்லும் நண்பர்கள் அப்போது உடன் இருக்கமாட்டார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு அயல்நாட்டில் இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் முகவர்கள் நம் ஊருக்கும் வந்துவிட்டார்கள். பணி செய்பவரே பணம் கட்டுவது என்ன வகைப் பணி என்று நம் வியாபாரப் பெருமக்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்மன் விசாவுக்கு, 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அளவின்படி, மாதம் 992 யூரோ வீதம் கணக்கில் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. பகுதிநேர வேலையிலும் பயிற்சிப் பணியிலும் வரும் ஊதியத்தை நம்பி இந்தக் கணக்கைப் போடுவது கூடாது. கிடைத்தால் கூடுதல், கிடைக்காவிட்டாலும் படிப்பு நடக்க வேண்டும்.

நம் ஜமாஅத்தின் கணினி அறிவியல் மாணவி ஒருவர் சிங்கப்பூர் சென்று வந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். முதலில் அவருடைய வீட்டில் ஒப்புதல் இல்லை. வளைகுடாவில் இருக்கும் தந்தையார் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: “அங்கே படிப்பது இங்கே கணக்கில் வருமா, மகளே?” அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றதால்தான் அவர் தப்பினார் என்று நாங்கள் எண்ணுகிறோம். விருப்பப்பாடங்கள் மிகுந்த செமஸ்டரைத் தேர்ந்து, நான்கே பாடங்கள் எடுத்தார். நான்குக்கும் கையொப்பம் வாங்கினார். இடம் கிடைக்காமற்போனால் என்ன செய்வது என்று மாற்றாக மேலும் மூன்று பாடங்களுக்கும் ஒப்புதல் வாங்கியிருந்தார். அவற்றுள் ஒன்று உண்மையிலேயே தேவைப்பட்டது. பயிற்சிப் பணியை அங்கே தேடவில்லை. கோடை விடுமுறையில் சென்னையில் செய்தார். அங்கே கற்ற தரவுத்தளப் பாடத்தின் செயல்திட்டத்தைக் காட்டித்தான் அந்தச் சென்னை நிறுவனத்தில் இடம் பெற்றார். ஒரு செமஸ்டரை அயல்நாட்டில் படிப்பது வேறு, பயிற்சிப் பணியை அங்கேயே செய்வது வேறு என்று பிரித்துப் பார்த்த அவருடைய தெளிவு எங்களுக்கே பாடமாயிற்று.

மேற்கண்ட அனுபவங்களைக் கொண்டு, கல்விக் குழு தன் கடனுதவி விண்ணப்பத்தைத் திருத்தியமைத்துள்ளது. அயல்நாட்டுச் செமஸ்டருக்கு விண்ணப்பிப்போர் இரு கல்லூரிகளின் நாட்காட்டியையும், பாடவாரியாகக் கல்லூரி அளித்த ஒப்புதலையும், விசா வகையையும், பயிற்சிப் பணி உண்டெனில் அதற்கான அனுமதி யாரிடம் பெறப்பட்டது என்பதையும் உடன் இணைக்க வேண்டும். புறப்படும் நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் வந்து சேர வேண்டும். படிவங்கள் ஜமாஅத் அலுவலகத்தில் கிடைக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பின் குழு உறுப்பினர் இருவர் அங்கே இருப்பார்கள். பெற்றோரும் உடன் வரலாம். ஜெர்மனி சென்று வந்த அந்த மாணவர் எஞ்சிய தாள்களை முடித்து இப்போது கோயம்புத்தூரில் பணியில் இருக்கிறார். ஊருக்கு வரும் வாரங்களில் தாமும் உடனிருந்து பாடப்பட்டியல்களைப் படித்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.